கொடிக்காலுக்குள்ள போனாத்தான் தள்ளுது

எங்கள் கிளினிக்கில் இருப்பதிலேயே விலை குறைந்த கருவி ஒரு துண்டு மெத்தை. சதுரமாக வெட்டிய ஃபோம், மூன்று அங்குலத் தடிமன், மேலே ரெக்சின் உறை. வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் உட்காரப் போவார்கள். "உக்கார இல்லங்க, ஏறி நிக்க" என்று சொன்னால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். தலைசுற்றலுக்கு வைத்தியம் பார்க்க மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் பஸ் ஏறி வந்த ஆளை மெத்தை மேல் ஏறி நிற்கச் சொன்னால் வேறெப்படிப் பார்ப்பார்? ஸ்கேன் எடுப்பார்கள், காதுக்குள் எதையாவது விட்டுப் பார்ப்பார்கள் என்று மனதைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருப்பார்.

நான் பிசியோதெரபிஸ்ட். கோரிப்பாளையம் பக்கம் ஒரு மாடியில் சின்ன இடம். முதுகுவலி, மூட்டுவலி, பக்கவாதம் எல்லாம் வரும் என்றாலும் பாதிப் பேர் தலைசுற்றல்காரர்கள். காது மூக்கு தொண்டை டாக்டர்களும் நரம்பு டாக்டர்களும் "பேலன்ஸ் பாத்துட்டு வாங்க" என்று அனுப்புகிறவர்கள். அந்த மெத்தையை நம்பி ஒருமுறை தப்பாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மெத்தை எதற்கு என்று முதலில் சொல்லாவிட்டால் என் தப்பு என்னவென்று புரியாது.

டாக்டர் சீட்டில் 'கிடினெஸ்' என்று ஒரே சொல்லாக இருக்கும். ஆளை உட்காரவைத்துக் கேட்டால் அது ஐந்தாறாகப் பிரியும். "படுக்கையில பொரண்டா கிறுகிறுன்னு வருது" என்பது ஒன்று. "எந்திரிச்சு நின்னா கண்ண இருட்டிக்கிட்டு வருது" என்பது வேறு. அதற்குப் படுக்கவைத்து ஒரு தடவை, எழுந்து நின்ற மூன்று நிமிஷத்துக்குள் இன்னொரு தடவை பிரஷர் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினாலோ கீழ் அளவு 10 இறங்கினாலோ காரணம் ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. பல சமயம் அது மாத்திரைப் பெட்டிக்குள்தான் இருக்கும். "கடைவீதிக்குப் போனா மெதக்குற மாதிரி இருக்கு" என்பது இன்னொன்று. "நடந்தா தள்ளுது" என்கிறவர்கள் தலையைப் பற்றிப் பேசுவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? தலைசுற்றல் என்று எழுதப்பட்ட சீட்டோடு வருவார்கள், தலை சுற்றுகிறதா என்றால் இல்லை என்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக வீட்டில் ஒரு வைத்தியம் ஏற்கெனவே முடிந்திருக்கும். பித்தம் என்று சொல்லி இஞ்சிச் சாறு.

மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பக்கத்தில் நிற்கிற திருச்சி வண்டியை டிரைவர் பின்னால் எடுக்கிறார். நம் வண்டிதான் முன்னால் உருளுகிறது என்று உடம்பு ஒரு கணம் நம்பிவிடும், கால் தன்னால் பிரேக்கைத் தேடும். அது கண் சொன்ன பொய். உட்கார்ந்திருக்கிற சீட்டும் உள்காதும் "நாம நகரல" என்று சொல்ல, சட்டென்று தெளிகிறோம். நிற்பதும் இப்படித்தான். கண் சொல்வது, பாதமும் கணுக்காலும் சொல்வது, உள்காது சொல்வது என்று மூன்று பேச்சையும் கேட்டுத்தான் மூளை நம்மை நிறுத்திவைக்கிறது. நல்ல வெளிச்சத்தில், கெட்டித் தரையில், ஆரோக்கியமான ஆள் நின்றால் பாதத்தின் பேச்சுக்குத்தான் மதிப்பு, சுமார் 70 சதவீதம். உள்காதுக்கு 20, கண்ணுக்கு 10. தரை நெகிழ்ந்தால் கணக்கு தலைகீழாகி, உள்காதின் பக்கம் மூளை சாய்ந்துவிடும். மூவரில் ஒருவர் படுத்துவிட்டாலும் மற்ற இருவர் வருஷக்கணக்கில் சமாளிப்பார்கள், வெளியே தெரியவே தெரியாது.

அப்படி மறைந்திருக்கிற ஆளை வெளியே கொண்டுவரத்தான் மெத்தை. முதலில் வெறுந்தரையில் கண்ணைத் திறந்து 30 நொடி. பிறகு கண்ணை மூடி 30 நொடி. அப்புறம் மெத்தையில் ஏறி அதே இரண்டும். நான்காவதில், அதாவது மெத்தையில் கண்ணை மூடி நிற்கும்போது, கண் இல்லை, பாதம் சொல்வதும் குழப்பம், உள்காது மட்டும் தனியாக நிற்கிறது. 1986-இல் அமெரிக்காவில் ஷம்வே-குக், ஹோராக் என்ற இரண்டு பெண்மணிகள் இதை எழுதி வைத்தார்கள். இருவருமே என் தொழில்காரர்கள் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அவர்கள் மெத்தையோடு, ஜப்பான் காகித விளக்கின் கூட்டைத் தலையில் கவிழ்த்தும் பார்த்தார்கள். தலையோடு கூடும் ஆடும், ஆகவே கண் பார்ப்பதும் பொய்யாகிவிடும். நான் கூட்டை விட்டுவிட்டேன். சோதனை பண்ண வந்தவர் தலையில் கூட்டைக் கவிழ்த்தால் மறுநாள் நம்மைப் பற்றித் தெருவில் என்ன பேசுவார்கள் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

கண்ணை மூடி நிற்கவைப்பது இதைவிட ரொம்பப் பழசு. பெர்லினில் ரோம்பெர்க் என்கிற டாக்டர் 1840-களில் எழுதியது. மேகநோய் (சிஃபிலிஸ்) முற்றித் தண்டுவடத்தைத் தின்றுவிட்ட நோயாளிகள் கண்ணைத் திறந்திருக்கும்வரை நிற்பார்கள், மூடினால் ஆடி விழுவார்கள். பாதத்திலிருந்து செய்தி மேலே ஏறும் பாதை அறுந்துபோனதால் அவர்கள் கண்ணை வைத்துத்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். இதைச் சிறுமூளைக்கான சோதனை என்று நினைப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. சிறுமூளை கெட்டவர் கண்ணைத் திறந்தாலும் ஆடுவார், மூடினாலும் ஆடுவார். ரோம்பெர்க் எழுதிய அந்தத் தண்டுவட நோயாளிகளுக்கு இது முதலில் தெரிய வந்தது காலையில் முகம் கழுவும்போது. கண்ணை மூடி முகத்தில் தண்ணீர் அடித்ததும் தொட்டி மேலேயே சாய்வார்கள். நம் ஊரில் இதே விஷயம் சன்னதியில் தெரியவருகிறது. "சாமி கும்புடக் கண்ண மூடுனேன், பின்னால யாரோ இழுத்த மாதிரி இருந்துச்சு" என்று இதுவரை எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று கணக்கில்லை. அதில் சிலருக்கு அது அம்மன் இழுத்ததா என்று சந்தேகம் வேறு. நான் அதில் தலையிடுவதில்லை. சுகரும் பாதத்தை மரக்கவைக்கும் என்பதால், அது எத்தனை வருஷமாக இருக்கிறது என்று மட்டும் கேட்பேன்.

கையைக் கட்டிக்கொண்டு, காலைச் சேர்த்து, செருப்பில்லாமல் நிற்க வேண்டும். கையைக் கட்ட நம் ஆட்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம், டாக்டர் என்று பெயர் வைத்த யார் முன்னாலும் தானாகக் கட்டிவிடுவார்கள். பெண்களிடம் ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்வேன்: "கொசுவத்த ஏத்திச் சொருகிக்கங்க, கணுக்கால் தெரியணும்." பெரிய இடங்களில்கூட இதைச் செய்யாமல் இடுப்பையும் தோளையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். விஷயம் கீழே நடக்கிறது. உடம்பு அசையாமல் இருப்பதுபோல் இருக்கும், கால்விரல்கள் நண்டு மாதிரி தரையைக் கவ்விக்கொண்டிருக்கும். கணுக்காலுக்கு முன்னால் ஓடும் தசைநாண் கயிறாக எழுந்து எழுந்து அடங்கும். அவர் நிற்கவில்லை, நின்றுகாட்டப் பாடுபடுகிறார் என்று அர்த்தம். நான் பின்னால் நின்று, இடுப்புக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் தள்ளிக் கையை வைத்திருப்பேன். தொடக் கூடாது. தொட்டால் கணக்கு கெட்டது, ஏனென்று பிறகு வருகிறது.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இதற்கே மெஷின் இருந்தது. ஏறி நின்றால் பாதத்தின் கீழ் பாரம் எங்கே விழுகிறது என்பதை நொடிக்குப் பல தடவை அளந்து, திரையில் நூல் சிக்கல் மாதிரி ஒரு கோடு போட்டுக் காட்டும். அசையாமல் நிற்கிற மனிதன் என்று யாருமே இல்லை என்பதை அந்தத் திரையில்தான் முதலில் பார்த்தேன். நடப்பட்ட கம்பம் அல்ல நாம், உள்ளங்கையில் நிறுத்திய துடைப்பக்கட்டை. சாய்ந்துகொண்டும் திருத்திக்கொண்டும் இருக்கிறோம். பெரிய வகை மெஷினில் நீங்கள் சாய்கிற அளவுக்குத் தரையும் கூடவே சாயும், கணுக்கால் மடங்கவே மடங்காது, பாதத்துக்கு ஒன்றும் புரியாது. ஆறு நிலை, ஒவ்வொன்றும் மூன்று தடவை, தடவைக்கு 20 நொடி. அருமையான கருவி. ஆனால் ஆள் எவ்வளவு ஆடுகிறார் என்று சொல்லும், ஏன் ஆடுகிறார் என்று சொல்லாது. அதை வாங்க எனக்கு வசதியும் இல்லை. டிவி முன்னால் ஏறி நின்று விளையாட நிண்டெண்டோ கம்பெனி 2007-இல் விட்ட பலகையையே ஆராய்ச்சிக்காரர்கள் இந்த வேலைக்குப் பயன்படுத்தினார்கள் என்று படித்துவிட்டு, அதையாவது வாங்கலாமா என்று ஒரு மாசம் யோசித்ததோடு சரி. கம்ப்யூட்டர் தாள் கையில் கிடைத்தால் கூட வந்த மகனுக்கு ஒரு திருப்தி வரும் பாருங்கள், அது மெத்தையில் வராது. அது ஒன்றுதான் குறை.

மெத்தையும் மெஷினும் இரண்டுமே கைவிடுகிற இடங்கள் உண்டு. சித்தாள் வேலை பார்க்கிற ஒரு அக்கா வந்தார். நான்கு நிலையிலும் தூண் மாதிரி நின்றார். தலையில் சும்மாடு, அதன் மேல் சாந்துச் சட்டி, காலுக்குக் கீழே சாரத்துப் பலகை என்று இருபது வருஷம் நடந்தவருக்கு என் மெத்தை எம்மாத்திரம்? "எப்ப சுத்துது?" என்றால், "கொத்தனாருக்குச் சட்டியத் தூக்கிக் குடுக்க அண்ணாந்தா, அப்ப" என்றார். ஆட்டத்தை அளக்கிற எந்தச் சோதனையிலும் அது விழாது. கட்டிலில் உட்காரவைத்து, தலையை 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாத்தி, தலை விளிம்புக்குக் கீழே தொங்கும்படி வைத்தேன். இரண்டு மூன்று நொடி ஒன்றுமில்லை. பிறகு கண்மணி இரண்டும் சுழன்று சுழன்று துடித்தன, அக்கா என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டார். அரை நிமிஷத்தில் அடங்கிவிட்டது. லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் 1952-இல் எழுதிய சோதனை இது. உள்காதில் இருக்க வேண்டிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் மாறி அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால் இப்படி வரும். "கிட்னியில கல்லு கேள்விப்பட்டிருக்கேன், காதுலயுமா?" என்று கேட்டார். தலையை நான்கு திருப்பு திருப்பி அதே துகளைப் பழைய இடத்துக்கு உருட்டிவிடலாம், எப்லி என்ற அமெரிக்க டாக்டர் கண்டுபிடித்த முறை. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. இரண்டாம் நாள் வேலைக்குப் போய்விட்டார். சும்மா தலையைத் திருப்பினதுக்கா காசு என்று அவர் வீட்டுக்காரருக்கு இன்னும் வருத்தம்.

இன்னொரு பையன், ஜவுளிக்கடையில் வேலை. நாலு மாசத்துக்கு முன்னால் நிஜமாகவே ஒரு பெரிய சுற்றல் வந்து சரியாகிப் போனது. ஆனால் மிதப்பு போகவில்லை. கண்ணை மூடினதும் புயலில் தென்னை மாதிரி வீசி வீசி ஆடினான், விழ மட்டும் இல்லை. கூட வந்த மாமா என் காதருகே வந்து, "எல்லாம் நடிப்புங்க, கடைக்கு லீவு போடத்தான்" என்றார். பையன் முதுகில் விரலால் ஒரு எண்ணை எழுதி, "என்ன நம்பர் சொல்லு" என்றேன். ஏழு. இன்னொன்று. மூன்று. எண்களைக் கண்டுபிடிக்கிற மும்முரத்தில் ஆட்டம் நின்றே போனது. மாமாவுக்கு வெற்றிச் சிரிப்பு. அவருக்குப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. மறுபடி சுற்றிவிடுமோ என்று பயந்து, தானாக நடக்க வேண்டிய வேலையை அந்தப் பையன் ஒவ்வொரு நொடியும் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கிறான். சைக்கிள் ஓட்டும்போது பெடலையே பார்த்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? மேற்பார்வையை வேறு பக்கம் திருப்பிவிட்டதும் கால் தன் வேலையைப் பார்த்தது, அவ்வளவுதான். இதற்கு 2017-இல்தான் உலக அளவில் ஒரு பெயரும் இலக்கணமும் வந்தன. அதற்கு முன்னால் எத்தனை பேரை நடிப்பு என்று சொல்லித் துரத்தியிருப்போம் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

ஃபுகுடா சோதனை என்று ஒன்று உண்டு, கண்ணைக் கட்டிக் கையை முன்னால் நீட்டி நின்ற இடத்திலேயே 50 எட்டு மிதிக்க வேண்டும், 30 டிகிரிக்கு மேல் திரும்பினால் அந்தப் பக்கத்து உள்காது பலவீனம் என்று கணக்கு. இதை ஆடி மாசத்தில் மதுரையில் செய்யவே கூடாது. எதிர்த்தெருவில் கூழ் ஊற்றுகிறார்கள், குழாய் ஸ்பீக்கர் நேராக எங்கள் ஜன்னலைப் பார்க்கிறது. சத்தம் ஒரே திசையிலிருந்து வந்தால் அதையே கயிறாகப் பிடித்துக்கொண்டு எல்லோரும் நேராக மிதித்துவிடுகிறார்கள். ஒரு மாசம் முழுக்க எங்கள் நோயாளிகள் எல்லோருக்கும் உள்காது பிரமாதமாக இருந்தது.

சரி, கொடிக்கால் விஷயம்.

சோழவந்தான் பக்கத்துப் பெரியம்மா. அறுபது தாண்டியவர், வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை. சுகர் 12 வருஷமாக. "வீட்டுல ஒண்ணும் இல்ல தாயி, கொடிக்காலுக்குள்ள போனாத்தான் தள்ளுது" என்றார். நான் தலையாட்டிக்கொண்டே மெத்தையைக் காட்டினேன். வெறுந்தரையில் கண்ணை மூடியபோது லேசான ஆட்டம், வயசுக்குச் சரி என்று விட்டேன். மெத்தையிலும் ஏறக்குறைய அதேதான், 30 நொடி நின்றுவிட்டார். 'சோதனையில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் சொன்ன அந்த வாக்கியத்தை எங்கும் எழுதவில்லை. நான் அச்சடித்து வைத்திருந்த தாளில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு ஆட்டோ டிரைவர் வந்தார். நல்ல வாட்டசாட்டம். சிறுநீரகத்தில் கிருமி என்று நாள்கணக்கில் ஜென்டாமைசின் ஊசி போட்டவர். அந்த மருந்து சிலருக்கு உள்காதின் சமநிலைப் பகுதியை இரண்டு பக்கமும் அணைத்துவிடும். தலையைச் சட்டென்று திருப்பிப் பார்த்ததில், என் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் கண் தலையோடு போய்விட்டுத் தாமதமாகத் திரும்பி வந்தது, இரண்டு பக்கமும். உள்காது இரண்டுமே வேலை செய்யவில்லை என்று சொல்லிவிடலாம். அப்படிப்பட்டவர் மெத்தையில் கண்ணை மூடினால் சில நொடிகூட நிற்க முடியாது. பிடிக்கத் தயாராகப் பின்னால் நின்றேன். அவர் பாட்டுக்கு நின்றார். பத்து, இருபது, முப்பது. குனிந்து அவர் குதிகாலுக்கு அடியில் விரலை விட்டேன். ரெக்சினுக்குக் கீழே கட்டாந்தரை.

மெத்தை செத்திருந்தது. கடையில் தலையணைக்கு வெட்டுகிற சாதாரண ஃபோமைத்தான் வாங்கியிருந்தேன். இரண்டு கோடையில் அது நைந்து, ஆள் ஏறினதும் அப்பளமாக அமுங்கித் தரையோடு ஒட்டிக்கொண்டது. எத்தனை மாசமாக அப்படி என்று எனக்குத் தெரியாது. அன்று சாயந்திரம் பழைய தாள்களை எடுத்துவைத்து ஒவ்வொருவராக போன் போட்டேன். ஐந்தாவதோ ஆறாவதோ பெரியம்மாவின் எண். மருமகள் எடுத்தார். "அத்தை கொடிக்கால்ல வழுக்கி விழுந்து கை ஒடஞ்சு போச்சுக்கா. மாவுக்கட்டு போட்டுருக்கு."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார், வலது மணிக்கட்டில் கட்டு. என் தப்பைச் சொன்னேன். மெத்தை கெட்டுப்போனதற்கு ஒரு பொண்ணு மதுரையிலிருந்து இவ்வளவு தூரம் வருமா என்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். கையோடு கொண்டுபோயிருந்த இசைக்கவையை (ட்யூனிங் ஃபோர்க்) தட்டிக் கால் கட்டைவிரலில் வைத்தேன். "அதிருதா?" "என்னது?" கணுக்காலில் வைத்தேன். அங்கும் இல்லை. முழங்காலில் வைத்தபிறகுதான், "ஆமா, ஙொய்ங்குது" என்றார். மருமகள் அப்போதுதான் சொன்னார், அத்தைக்குச் செருப்பு கழண்டு பின்னாலேயே கிடக்குமாம், தெரியாமல் நடந்து வந்துகொண்டிருப்பாராம். வீட்டில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்களாம். முதல் நாளே இசைக்கவையைக் காலில் வைத்திருந்தால் மெத்தையே தேவைப்பட்டிருக்காது. பாதம் ஊமையாகி வருஷக்கணக்கு. புதிதாக வாங்கிய கெட்டி ஃபோமையும் கொண்டுபோயிருந்தேன். கண்ணை மூடி நான்கு நொடி.

"எந்த எடத்துல விழுந்தீங்க, காட்டுறீங்களா?"

கொடிக்கால் வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். வெற்றிலைக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது. உள்ளே வெயில் சட்டென்று அணைந்தது. இரண்டு பக்கமும் அகத்தி, அதில் கொடி ஏறித் தலைக்கு மேல் கூரை போட்டிருக்கிறது. நடுவில் வாய்க்கால், ஓரமெல்லாம் எப்போதும் ஈரம். கால் வைத்தால் ஒரு அங்குலம் உள்வாங்கி, அப்புறம்தான் நிற்கிறது. அரை இருட்டும் நெகிழ்ந்த தரையுமாக என் நான்காவது நிலையை யாரோ ஏக்கர் கணக்கில் போட்டுவைத்த மாதிரி இருந்தது. பெரியம்மா இடது கை விரல்நுனியால் ஒவ்வொரு அகத்தியாகத் தொட்டுத் தொட்டு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். பிடிக்கவில்லை, தொட்டார். ஜெகா, லாக்னர் என்ற ஆராய்ச்சிக்காரர்கள் 1994-இல் இதை அளந்தார்கள். பாரத்தைத் தாங்கவே தாங்காத, நூறு கிராமுக்கும் குறைவான விரல்நுனி அழுத்தம் போதும், ஆட்டம் கணிசமாகக் குறைந்துவிடும். விரல் தாங்குவதில்லை, செய்தி சொல்கிறது. ராத்திரியில் கிழவிகள் சுவரைத் தடவிக்கொண்டே கொல்லைக்குப் போவதும், நான் நோயாளியைத் தொடாமல் நிற்பதும் இதனால்தான்.

"இப்பிடித் தொட்டுக்கிட்டுத்தான் போவீங்களா எப்பவும்?"

"ஆமா. பழக்கம்."

"அப்பறம் எப்பிடி விழுந்தீங்க?"

"அன்னைக்கு ரெண்டு கையிலயும் வெத்தல இருந்துச்சு தாயி."

சட்டியையோ கூடையையோ தலையில் வைத்துக்கொண்டு கையைக் காலியாக விடுங்கள் என்று சொன்னேன். கொடிக்காலுக்கு வெளியே வாரோடு பிடிக்கிற செருப்பு, ராத்திரி கொல்லைப்பக்கம் ஒரு ஜீரோ வாட் பல்பு, சுவரோரம் நின்று தினமும் பத்து நிமிஷப் பயிற்சி, சுகர் டாக்டரிடம் காலைக் காட்டச் சீட்டு. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். எதையெல்லாம் செய்வார் என்று தெரியாது.

கிளம்புவதற்கு முன்னால் ஒன்று பார்த்துவிடத் தோன்றியது. வாய்க்கால் ஓரத்தில் காலைச் சேர்த்து, கையைக் கட்டி, கண்ணை மூடினேன். மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஐந்துக்குள் கால்விரல்கள் தன்னால் சேற்றைக் கவ்வத் தொடங்கின. எட்டு, ஒன்பது. வாய்க்கால் எந்தப் பக்கம் என்பதே மறந்துபோன மாதிரி இருந்தது.

"கண்ணத் தொற தாயி, விழுந்து கெடக்காத" என்ற குரல் ரொம்பப் பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். கட்டுப் போடாத கையால் என் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார்.